சொன்ன பேச்சைக் கேட்கும் ஊர்

வினோதினியின் கைப்பேசியில் ஒரு டஜனுக்கும் மேலான நினைவூட்டுச் செயலிகள் இருந்தன. அவற்றைத் தேர்ந்தெடுப்பதில் அவள் செலவழித்த நேரத்தில், அவற்றில் எழுதிவைத்த வேலைகள் எல்லாவற்றையும் இரண்டு தடவை முடித்திருக்கலாம் என்று அவள் கணவன் தயாளன் சொல்வான். அது உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் அவளுக்குக் கோபம் வரும்.

ஒரு செயலி, வேலையை முடித்தால் திரையில் செடி வளர்க்கும், முடிக்காவிட்டால் வாடவிடும். முதல் வாரத்திலேயே அவள் ஒரு தோப்பைக் காயவிட்டாள். இன்னொன்று வேலைகளை நிறம் நிறமாகப் பிரித்து வைக்கச் சொன்னது. எந்த வேலைக்கு எந்த நிறம் என்று முடிவு செய்வதிலேயே ஒரு சனிக்கிழமை போயிற்று. வேறொன்று உங்கள் தோல்வியை உங்களுக்கு வேண்டியவர்களுக்கு அறிவித்துவிடும். "வினோதினி இன்றும் கேஸ் சிலிண்டர் பதிவு செய்யவில்லை" என்று அவளுடைய நாத்தனாருக்குச் செய்தி போயிற்று. அந்தச் செயலியை மறு நிமிடமே அழித்தாள். அவள் தள்ளிப்போடாமல் செய்த சில காரியங்களில் அதுவும் ஒன்று.

திருச்சியில், பொன்மலைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் அவர்கள் இருந்தார்கள். தயாளன் தொழிற்சாலைகளின் கொதிகலன்களைச் சோதித்துச் சான்றளிக்கும் பொறியாளன். வினோதினி பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைபவள். தவளையின் இதயம், அவரைவிதையின் உள்பாகம் இவற்றையெல்லாம் அவள் வரைந்தால் தொட்டுப் பார்க்கத் தோன்றும். ஆனால் தவளையின் இதயம் பதிப்பகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் புத்தகம் அச்சேறிவிடும்.

மறதி என்றால் ஊருக்குப் புரியும். அவளுக்கு இருந்தது அது மட்டுமில்லை. மணி அடிக்கும், என்ன வேலை என்று தெரியும், அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஆனாலும் சோபாவில் உட்கார்ந்தபடி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவை பக்கத்து வீட்டுக்காரரின் கைகளைப் போல அவள் மடியில் கிடக்கும். மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். மூளையில் முடிவெடுக்கும் இடத்துக்கும் தொடங்கும் இடத்துக்கும் நடுவே பாதை சரியில்லை என்றார்.

"சோம்பேறித்தனத்துக்கு இங்கிலீஷ்ல பேரு வெச்சிருக்காங்க" என்றான் தயாளன், காரில் திரும்பும்போது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். பின் இருக்கையில் மகள் ஆதிரை உட்கார்ந்திருந்தாள். வினோதினியும் சிரித்துவைத்தாள். அப்படிச் சிரிப்பதில் அவளுக்கு நல்ல பயிற்சி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் 'உடனே' என்ற புதிய செயலியைச் சோதித்துப் பார்க்க ஆட்கள் தேவை என்று சென்னை நிறுவனம் ஒன்று விளம்பரம் செய்தது. வினோதினி பெயர் கொடுத்தாள். பொட்டு அளவில் ஒரு வில்லை வந்தது. அதைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். நேரம் வந்ததும் ஒரு குரல், "மின்கட்டணம் கட்டுங்கள்" என்று சொல்லும். அதே நொடியில் வில்லை, மூளைக்குள் தொடங்கும் இடத்தை மெல்லச் சுண்டிவிடும். குரலும் சுண்டுதலும் சேர்ந்தால் ஆள் எழுந்துவிடுவார் என்பது கணக்கு.

வினோதினி எழவில்லை. நிறுவனம் ஒரு கணீரென்ற ஆண்குரலை வைத்திருந்தது. அது "எழுங்கள்" என்றால், பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி நின்றது ஞாபகம் வந்து அவள் இன்னும் இறுகிப்போனாள். சோதனையை நடத்தும் ஃபரீதா என்ற பெண் தொலைபேசியில் விசாரித்தபோது அதையே சொன்னாள்.

"இல்லங்க, அவர் சொன்னா பயமாத்தான் இருக்கு, எந்திரிக்கத் தோணல. அவர் எதையுமே மறந்திருக்க மாட்டார்னு தோணுது. அப்படிப்பட்டவங்க சொன்னா எனக்கு... ஐயோ, அடுப்புல பால் வெச்சேன்ல? போய்ப் பாத்துடலாம்."

அந்த உரையாடலை மறுநாள் ஃபரீதா தன் அலுவலகத்தில் வில்லைகளின் வழியே போட்டுக் காட்டினாள். கடைசி வாக்கியம் வந்தபோது, வில்லை ஒட்டியிருந்த ஏழெட்டுப் பேர் ஒன்றாக நாற்காலியை விட்டு எழுந்து, அந்த அலுவலகத்தில் இல்லாத அடுப்பைத் தேடினார்கள்.

அடுத்த வாரமே ஃபரீதா திருச்சிக்கு வந்துவிட்டாள். நாற்பதை நெருங்கும் வயது. கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, கைப்பையைக் காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்தாள். வினோதினிக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று.

"உங்க குரல் வேணும் மேடம்" என்றாள் ஃபரீதா.

"என் குரலா? நான் சொன்னா எங்க வீட்டு காலிங் பெல்கூட அடிக்காதுங்க."

"அதான் மேடம் விஷயம். உங்க குரல்ல அதிகாரமே இல்ல. நீங்களும் மறந்துட்டு, இப்பத்தான் ஞாபகம் வந்த மாதிரி சொல்றீங்க. கேக்கறவங்களுக்கு வெக்கமா இல்ல. வெக்கம் இல்லன்னா மூளை முரண்டு பிடிக்கறதில்ல, எந்திரிச்சிடுது. பெரிய பெரிய நடிகர்களை வெச்சுப் பாத்துட்டோம், இந்தத் தொனி யாருக்கும் வரல."

"அப்ப எனக்கும் வேலை செய்யுமா?"

ஃபரீதா தயங்கினாள். "நம்மள நாமே கிச்சுகிச்சு மூட்டிக்க முடியாதுல்ல மேடம்? அந்த மாதிரிதான். சொந்தக் குரல் சொந்த மூளைக்கு எடுபடாது."

இப்படியாக, ஒரு வேலையையும் உடனே செய்ய முடியாத வினோதினி 'உடனே'யின் குரலானாள். சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து, "ஐயோ, மாத்திரை போடணும்ல? போட்டுடலாம்" என்றும், "அட, துணி காயுதே, எடுத்துடலாமே" என்றும் சொன்னாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் காது அதைச் சுவர்க்கடிகாரச் சத்தம்போல ஒதுக்கிவிடுமாம். முதல் பதிவுக்கு அவள் ரயிலைத் தவறவிட்டு ஒரு நாள் தாமதமாகப் போனாள்.

ஒரு வருடத்துக்குள் அந்தக் குரல் ஊரெங்கும் பரவியது. பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் திடீரென்று எழுந்து மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வார். வங்கிகளில் வரிசை நீண்டது. கட்ட வேண்டியவர்கள் எல்லாரும் கட்ட வந்துவிட்டார்கள். தயாளனும் ஒரு வில்லை வாங்கி ஒட்டிக்கொண்டான். "ஊர்ல எல்லாரும் வெச்சிருக்காங்க. எனக்கொண்ணும் தேவையில்ல, சும்மா பாக்கலாம்னுதான்" என்றான். அந்த வாரமே குளியலறைக் குழாயின் சொட்டு நின்றது. கல்யாணத்தின்போதிருந்து சொட்டிக்கொண்டிருந்த குழாய் அது.

பிறகுதான் வில்லையே தேவைப்படாமல் போனது.

முதலில் அது காய்கறிக் கடையில் தெரிந்தது. "கத்தரிக்காய் அரைக் கிலோ போட்டுடலாமே" என்றாள் வினோதினி. கடைக்காரர் போட்டார். சுற்றி நின்ற நான்கைந்து பேரும் ஆளுக்கு அரைக் கிலோ கத்தரிக்காய் எடுத்தார்கள். எடுத்துவிட்டு, ஏன் எடுத்தோம் என்று தராசைப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் மட்டும் அவளைப் பார்த்தாள்.

ஃபரீதாவை அழைத்துக் கேட்டாள்.

"பழகிடுச்சு மேடம். தினமும் மணி அடிச்சு சோறு போட்டா, அப்புறம் மணி அடிச்சாலே நாய்க்கு எச்சில் ஊறும்ல? வில்லை சுண்டும்போதெல்லாம் உங்க குரல்தான் கேட்டிருக்கு. இப்ப குரல் கேட்டாலே போதும், மூளை தானாச் சுண்டிக்குது. வில்லை சார்ஜ் இல்லன்னாக்கூட அப்படித்தான் இருக்கும்."

"இது தப்பில்லையா ஃபரீதா?"

"எங்க வாப்பா ஆறு வருஷமா கண்ணுக்குச் சொட்டு மருந்து விடாம பார்வையைப் பாதி இழந்துட்டார். இப்ப ஒரு வேளை தவற விடறதில்ல. நீங்க சொல்லுங்க மேடம், தப்பா?"

உள்ளதைச் சொன்னால், வினோதினிக்கு அது பிடித்தும் இருந்தது. நாற்பது வருடமாக மற்றவர்கள் சொல்ல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவள் "நகர்ந்துக்கலாமா?" என்றால் பேருந்தில் ஓர் இருக்கையே காலியாகிறது. கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்துகொண்டாள்.

கீழ்வீட்டில் ஸ்தனிஸ்லாஸ் என்று ஓர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் தனியாக இருந்தார். இதய நோயாளி. மாத்திரையை மறந்து இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர். படியில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் கைவைத்துக் காட்டுவார்.

"சிக்னல் விழாம வண்டி எடுத்ததில்ல நான், சர்வீஸ்ல. ரிட்டயர் ஆனப்புறம் சிக்னல் போட ஆளில்லாமப் போச்சு. இப்ப நீதாம்மா எனக்கு சிக்னல்."

அந்த ஜூன் மாதம் ஆதிரையின் பள்ளிக்கூடத்திலும் 'உடனே' வந்தது. வகுப்பில் வேலையைத் தொடங்க முடியாமல் திணறும் பிள்ளைகளுக்கு மட்டும் என்றார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஆதிரையின் பெயர் பட்டியலில் முதலில் இருந்தது. அவளும் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கையைப் பார்க்கிற பிள்ளைதான். வினோதினி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். தன்னைப்போல் மகள் சோபாவில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணம் இல்லை.

ஆதிரை அதுவரை எதையும் எதிர்த்துப் பேசாமல் செய்தவள் இல்லை. "சாப்பிட வா" என்றால், "பசிக்கறவங்களைத்தான் கூப்பிடணும்" என்பாள். "தலை வாரு" என்றால், தலை வாருவது யாருடைய வசதிக்காக என்று கேட்பாள். அந்த வீட்டில் நடந்த பேச்சில் பாதி இப்படிப்பட்ட வழக்குகள்தான். தோற்றுப்போன பிறகு அம்மாவின் முதுகில் சாய்ந்துகொண்டு, "சரி, உனக்காகச் செய்றேன்" என்று சொல்வது வழக்கின் கடைசிப் பகுதி.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள் சாயங்காலம் வினோதினி, "சாப்பிட வா" என்றாள். ஆதிரை வந்து உட்கார்ந்தாள். தோசையைப் பிட்டாள். வாயில் வைத்தாள்.

"பசிக்குதா?" என்றாள் வினோதினி.

"ம்."

"சட்னி காரமா?"

"இல்லம்மா."

தயாளனுக்குச் சந்தோஷம். "இப்பத்தான் வீடு வீடு மாதிரி இருக்கு" என்றான். வினோதினி மகளின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் மகளை முன்னறைக்கு அழைத்தாள்.

"அந்த ஜன்னலைச் சாத்திடலாமா?"

ஆதிரை சாத்தினாள்.

"திறந்துடலாம்."

திறந்தாள்.

"சாத்திடு."

சாத்தினாள். முகத்தில் ஒரு கேள்வி இல்லை, ஒரு சுளிப்பு இல்லை. கழுவி வைத்த தட்டுபோல் இருந்தது முகம். அடுத்த உத்தரவுக்காக ஜன்னல் கம்பியில் கைவைத்தபடி நின்றாள். வினோதினி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அதன் சத்தத்தில் அழுதாள்.

அன்றிலிருந்து அவள் வீட்டில் வாயைத் திறப்பதைக் குறைத்தாள். வேண்டியதை ஆதிரையின் பழைய சிலேட்டில் எழுதிக் காட்டினாள். தயாளனுக்கு அது விளையாட்டாகப் பட்டது. "மௌன விரதமா? நல்லதுதான்" என்றான். ஆதிரை எழுத்தையும் ஒரு வார்த்தை பேசாமல் நிறைவேற்றினாள். அவ்வளவு ஆழத்துக்குப் போய்விட்டதா என்று வினோதினி பயந்தாள்.

ஃபரீதாவிடம் கெஞ்சினாள். "என் குரலை எடுத்துடுங்க. வேற யாரையாவது போடுங்க."

"முடியாது மேடம். கம்பெனி விடாதுங்கறது ஒரு பக்கம். திடீர்னு எடுத்தா எத்தனை பேர் மருந்தில்லாம நிப்பாங்க, யோசிங்க. அது இப்ப உங்க குரல் இல்ல. ஊரோட மருந்து."

"என் பொண்ணுக்கு மட்டும் கழட்டிட்டா?"

"கழட்டினாப் போதாது. பழகினதை மூளை சும்மா மறக்காது, வருஷக்கணக்குல இருக்கும். மணி அடிச்சும் சோறு வரலன்னு நாய்க்குத் தெரியணும். அதாவது, உங்க குரல் வரணும், வில்லையும் இருக்கணும், ஆனா செய்ய வேலை இருக்கக் கூடாது. அப்படி நாலஞ்சு நாள் போனா அழிஞ்சிடும்." சொல்லிவிட்டு ஃபரீதா அவசரமாகச் சேர்த்தாள்: "ஆனா அவளுக்கு மட்டும்னு தனியா அனுப்ப முடியாது மேடம். எல்லாருக்கும் ஒரே பதிவுதான் போகும்."

அந்த வாக்கியம் வினோதினிக்கு மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று அவள் விரும்பிய ஒரே வாக்கியம் அதுதான்.

செப்டம்பர் பதிவுக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. ஒரு பக்கம் முகம் தெரியாத லட்சக்கணக்கான பேர். அவர்களுக்கு மாத்திரை, கட்டணம், தவணை, தாய்க்கு ஒரு தொலைபேசி அழைப்பு. இன்னொரு பக்கம் ஜன்னலோரம் நிற்கும் ஒரு பெண். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றும் தோன்றியது. யோசிக்காமல் எப்படி என்றும் தோன்றியது. ஒன்றை மட்டும் உறுதியாக நினைத்தாள்: ஸ்தனிஸ்லாஸிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாத்திரைக்கு அவர் வேறு ஏற்பாடு செய்துகொள்ளட்டும். அதைத் தன் கைப்பேசியில் மிக நம்பகமானது என்று பெயரெடுத்த செயலியில் எழுதி, சிவப்பு நிறம் கொடுத்தாள்.

செயலி தன் கடமையைச் செய்தது. அவள் சென்னை ரயிலில் விழுப்புரம் தாண்டும்போது மணி அடித்தது. 'ஸ்தனிஸ் அங்கிளிடம் சொல்.' வினோதினி திரையைப் பார்த்தாள். பெட்டியில் எல்லாருக்கும் கேட்கப் பேச வேண்டாம், இறங்கியதும் அழைக்கலாம் என்று நினைத்தாள். எழும்பூரில் இறங்கியபோது கூட்டம் தள்ளிக்கொண்டு போனது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் முருகானந்தம் என்ற ஒலிப்பதிவாளர்தான் வழக்கம்போல் இருந்தார். காதுக்குப் பின்னால் வில்லை. கொடுத்த தாளில் நாற்பது வாக்கியங்கள். வினோதினி தாளைக் கவிழ்த்து வைத்தாள். ஒலிவாங்கிக்கு அருகில் குனிந்து, நாற்பது தடவையும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்.

"அட, விடுங்க. ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருக்கலாம்."

முருகானந்தம் கண்ணாடிக்கு அப்பால் கைகட்டி உட்கார்ந்திருந்தார். நாற்பதாவது முடிந்ததும் தலையை உதறிக்கொண்டு, "மேடம், தாள்ல இது இல்லையே?" என்றார்.

"இந்தத் தடவை இதுதான் சார். எல்லாத்துக்கும் பதிலா இதைப் போட்டு, அனுப்பிடலாமே."

அவர் கை போய்ப் பொத்தானை அழுத்தியது. பிறகு அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மகளுக்கு எது நடக்கக் கூடாது என்று இவ்வளவு தூரம் வந்தாளோ, அதை இந்த மனிதருக்கு அவள் தெரிந்தே செய்திருந்தாள். "மன்னிச்சிடுங்க" என்றாள். அவர் உடனே மன்னித்துவிட்டதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

அடுத்த நாள் காலை ஊர் உட்கார்ந்தது. கலவரம் ஒன்றும் இல்லை. மாத்திரை நேரம் வந்தது, குரல் சும்மா இருக்கச் சொன்னது, சும்மா இருந்தார்கள். மின்கட்டணம் கட்டும் நேரம் வந்தது, சும்மா இருந்தார்கள். திருச்சியில் பேருந்து நிறுத்தத்தில் ஆட்கள் வரிசையாக அமர்ந்து, பேருந்து வருவதையும் போவதையும் ஆற்றைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். தயாளன் கால்சட்டையின் ஒரு காலை மாட்டிக்கொண்டு மறு காலைக் கையில் பிடித்தபடி கட்டிலில் அரைமணி நேரம் இருந்தான். "என்னமோ நிம்மதியா இருக்குடி" என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை. கீழ்வீட்டுக்கு இறங்கிப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள், நினைத்தபடியே சோபாவில் இருந்தாள்.

நிறுவனம் சில நாட்களில் பழைய பதிவைத் திரும்ப ஏற்றியது. ஆனால் அதற்குள் மணியின் மந்திரம் கெட்டிருந்தது. குரல் கேட்டது, ஆட்கள் "ஆமாம், செய்யணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஊர் பழையபடி வினோதினிகளால் நிறைந்தது.

அந்த வாரத்தின் கடைசியில் ஆதிரை, "தலை வாரிக்க மாட்டேன். இன்னைக்கு லீவு. யார் பாக்கப்போறாங்க?" என்றாள். வினோதினி சீப்பைக் கீழே போட்டுவிட்டு மகளைக் கட்டிக்கொண்டாள். ஆதிரை விலகி, "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்றாள். செய்தது சரிதான் என்று வினோதினி நினைத்தது அந்த ஒரு காலைப்பொழுது மட்டும்தான். மத்தியானம் கீழ்வீட்டுக் கதவை உடைக்க வேண்டியிருந்தது.

ஸ்தனிஸ்லாஸ் உயிரோடு இருந்தார். குளியலறை வாசலில் விழுந்து, எழ முடியாமல் கிடந்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் வினோதினியைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ சொன்ன மாதிரி சும்மாதாம்மா இருந்தேன்" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் அவள் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள்.

அவர் தூங்கியதும் வராந்தாவுக்கு வந்தபோது ஃபரீதா தொலைபேசியில் அழைத்தாள். நிறுவனத்தின் வக்கீல் அவள்மேல் வழக்குத் தொடரச் சொன்னாராம், மேலிடம் யோசிக்கிறதாம்.

"ஆனா ஒரு விஷயம் மேடம். நீங்க செஞ்சது எனக்குக் கோபம்தான், எங்க வாப்பாவுக்கு நான்தான் இப்ப மருந்து விடறேன். ஆனா ஆயிரக்கணக்குல லெட்டர் வருது. 'அந்தச் சும்மா இருக்கச் சொன்னது நல்லா இருந்துச்சு, அதைத் திருப்பிப் போடுங்க'ன்னு. மேலிடத்துல அதைத் தனிச் செயலியா விடலாம்ங்கறாங்க. 'சும்மா'ன்னே பேரு. இன்னும் கொஞ்சம் பேசித் தருவீங்களான்னு கேக்கச் சொன்னாங்க."

வினோதினி தொடர்பைத் துண்டித்தாள்.

பள்ளி விட்டு ஆதிரை சீருடையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மாலை வெயில் பெஞ்சு வரைக்கும் நீண்டிருந்தது. வினோதினி மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஜன்னல், சிலேட்டு, ஃபரீதா சொன்னது, பதிவுக் கூடம், ரயிலில் அடித்த மணி.

"உன்னை அப்படிப் பாக்க முடியலடி. உன் வாயை யாரோ தெச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்காகத்தான் செஞ்சேன். அங்கிள்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன், சொல்லல. என் புத்தி அப்படி. ஆனா உன்னைத் திரும்பக் கொண்டுவந்துட்டேன்ல?"

ஆதிரையின் முகம் வெளுத்தது. பிறகு புத்தகப்பையைத் திறந்து, அடியில் கைவிட்டுத் துழாவி, வில்லையை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். அதில் எரிய வேண்டிய சிறு விளக்கு எரியவில்லை.

"இது ஒரு நாள்கூட ஆன் ஆகலம்மா" என்றாள்.

"என்ன?"

"சார்ஜ் போட்டுட்டு ஒட்டிக்கச் சொன்னாங்க. போட மறந்துட்டேன். அடுத்த நாளும் மறந்துட்டேன். அப்புறம் சார்ஜரைக் காணோம். ஸ்கூல்ல கேட்டா மறந்துட்டேன்னு சொல்லணும். சரி, சும்மாவே ஒட்டிக்கிட்டுப் போயிட்டேன்."

"அப்ப ஜன்னல்?"

"நீ சொன்னா ஊர்ல எல்லாரும் செய்றாங்கள்ல. நான் மட்டும் செய்யலன்னா உனக்குத் தெரிஞ்சிடும், சார்ஜ் போடலன்னு. அதான் யாரு எது சொன்னாலும் உடனே செஞ்சேன். மத்தவங்க எப்படிச் செய்றாங்கன்னு பாத்து வெச்சுக்கிட்டு, அதே மாதிரி." ஆதிரை தரையைப் பார்த்தாள். "இதை ஞாபகம் வெச்சுக்கறதுக்குன்னு குடுத்தாங்க. அதுக்கு சார்ஜ் போடறதையே மறந்துட்டேன்னு சொன்னா அப்பா சிரிப்பார்மா. 'அம்மா மாதிரியே'ன்னுவார்."

வராந்தாவின் கோடியில் ஒரு செவிலி யாருடைய பெயரையோ கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள்.

"எல்லாருக்கும் கெட்டுப்போச்சுன்னு ஸ்கூல்ல சொன்னாங்க. இனிமே நடிக்க வேணாம்னு அன்னைக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?" ஆதிரையின் குரல் உடைந்தது. "அங்கிள் என்னாலதானே விழுந்தார்?"

"இல்ல" என்றாள் வினோதினி. அதை அவள் மகளுக்காகச் சொன்னாள். அது பொய்யா, இல்லையா என்பதை யோசிக்க அவளுக்கு இனி வேண்டிய காலம் இருந்தது.

வில்லையை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எடையே இல்லை அதற்கு. அதைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கஷ்டமா இருந்துச்சா?"

"செய்றதுகூட இல்லம்மா. செய்யும்போது மூஞ்சியை ஒண்ணும் இல்லாத மாதிரி வெச்சுக்கறதுதான்..."

"தெரியும்" என்றாள் வினோதினி. "எனக்குத் தெரியும்டி."